பரதேசிகளுக்கு எழுதப்பட்ட நிருபம்

புதிய தேசத்தில் குடியேறும் விசுவாசி முதலில் இழப்பது, சபையில் தனக்கிருந்த இடத்தைத்தான். நேற்றுவரை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராகவோ, பாடகர் குழுவின் தலைவராகவோ, வேதபாட வகுப்பு நடத்துபவராகவோ அறியப்பட்டவர், இங்கே வந்திறங்கியதும் கடைசி வரிசையில் அமரும் புதுமுகமாகிவிடுகிறார். எங்கள் முதல் குளிர்காலம் அப்படித்தான் கழிந்தது. உள்ளூர்ச் சபையில் ஆராதனை நடந்த மொழி எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. வேறொரு சபையின் மண்டபத்தை மாலை வேளைகளில் வாடகைக்கு எடுத்துக் கூடிவந்த தமிழ்ச் சபையிலோ, பிரசங்கிப்பதற்கும் பாடுவதற்கும் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். தேவன் எனக்குத் தந்திருந்த போதிக்கும் வரத்துக்கு இந்த நாட்டில் என்ன வேலை என்ற கேள்வி, இரவுப்பணி முடிந்து வீடு திரும்பும் பேருந்தில் என்னை விடாமல் தொடர்ந்தது.

அந்தக் கேள்வியோடு, இயேசுவின் சீஷனான பேதுருவின் முதலாம் நிருபத்தை, அதாவது கடிதத்தை, வாசித்தபோது, அதன் முதல் வசனமே என்னை நிறுத்திவைத்தது. பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்று இன்றைய துருக்கியில் அடங்கும் 5 பகுதிகளில் சிதறியிருந்தவர்களை அப்போஸ்தலன் 'பரதேசிகள்', அதாவது அந்நிய தேசத்தில் தங்கியிருப்பவர்கள், என்றே அழைத்து எழுதுகிறார். தேவன் ஊழியத்துக்கென்று தரும் ஆவிக்குரிய வரங்கள் என்றவுடன் நாம் அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தைத் திருப்புவது வழக்கம்; ஆனால் புலம்பெயர்ந்தவனின் வீட்டுக்குள் வரத்தைக் கொண்டுவந்து வைப்பது பேதுருவின் 4ஆம் அதிகாரம். அவனவன் பெற்ற வரத்தின்படியே நல்ல உக்கிராணக்காரர்போல ஒருவருக்கொருவர் உதவிசெய்யுங்கள் என்று அவர் 10ஆம் வசனத்தில் சொல்வதற்குச் சற்று முன்பாக, முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள் என்கிறார். உக்கிராணக்காரன் என்பவன் எஜமானுடைய பொருளைப் பராமரிக்கிறவன்; அவன் கையில் இருப்பது அவனுடைய சொத்து அல்ல. வீட்டாருக்கு எது தேவையோ, அதை எடுத்துக் கொடுப்பதற்காகவே அது அவனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

இந்த வசனத்தின் பொருளை எனக்கு விளங்கவைத்தது எங்கள் சபையிலிருந்த ஒரு அக்காள். மேடையேறி ஒரு நாளும் பேசியறியாத அவர், புதிதாக வந்த குடும்பங்களின் விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பார். மருத்துவமனைக்கு உடன்வந்து, மருத்துவர் சொல்வதை நோயாளிக்கும் நோயாளி சொல்லத் தயங்குவதை மருத்துவருக்கும் மொழிபெயர்ப்பார். பிரசவ வலியோடு அந்நிய மொழிக்கு நடுவே கிடந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய குரல் எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கிறேன். பவுல் 1 கொரிந்தியர் 14இல், பாஷையின் கருத்து விளங்காதபோது பேசுகிறவனும் கேட்கிறவனும் ஒருவருக்கொருவர் அந்நியராகிவிடுகிறார்கள் என்றும், சபையில் 10,000 வார்த்தைகளைவிட மற்றவர்களுக்கு உணர்வுண்டாக்கும் 5 வார்த்தைகளே தமக்கு விருப்பம் என்றும் எழுதுகிறார். கற்றறியாத பாஷையில் பேசும் அந்நியபாஷை வரத்தைப்பற்றிய விவாதங்களில் பலமுறை கேட்ட அந்தப் பகுதியை, மொழி தெரியாமல் ஒரு அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நின்ற பிறகுதான் உடம்பால் புரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

தேவை வந்து கதவைத் தட்டும்போதுதான் வரம் வெளிப்படுகிறது என்பது இப்போது என் உறுதியான எண்ணம். ரோமர் 12இல் போதிப்பதற்கும் தீர்க்கதரிசனத்துக்கும் அருகிலேயே, பகிர்ந்துகொடுப்பதும் இரக்கஞ்செய்வதும் இடம்பெற்றிருக்கின்றன. அவற்றைச் சிறிய வரங்களென்று பவுல் எங்கும் பிரிக்கவில்லை.

மனந்திரும்புதலைப்பற்றி எழுதாமல் வரங்களைப்பற்றி மாத்திரம் எழுதுவது நேர்மையாகாது. புலம்பெயர்வு ஒரு பெரிய மறைவிடத்தையும் நமக்குத் தருகிறது. கடல் கடந்துவிட்டால் பழைய கடன்களும் உடன்பிறந்தாரோடுள்ள பகையும் சொத்துத் தகராறும் பின்னாலேயே நின்றுவிடும் என்று நம்மில் பலர் உள்ளூர நம்புகிறோம். புதிய நாட்டிலோ வருமானத்தைக் குறைத்துக் காட்டி உதவித்தொகை பெறுவதும், எல்லோரும் செய்வதுதானே என்று நியாயமாகிவிடுகிறது. வரிவசூலிப்பவர்களின் தலைவனாயிருந்த சகேயுவோ, இயேசுவைச் சந்தித்தபோது, தன் ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துவதாகவும் அவருக்கு முன்பாக நின்று சொன்னான். தன் குற்றத்தைத் தானே அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5இன் கட்டளை. நாலத்தனை என்பதோ, ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் விதித்த அளவு. சகேயு தனக்குக் குறைந்த அளவைத் தேடவில்லை. மனந்திரும்புதல் கண்ணீரோடு முடிந்துவிடாமல் கணக்குப் புத்தகம்வரை போய்ச்சேர வேண்டும் என்பதை, இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதியை நான் அறியேன்.

எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒரு சகோதரர், பலிபீடத்தருகே காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5இன் வார்த்தைகளைத் தியானித்த இரவில், பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த தம் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தார். நிலத்தில் தம் பங்கென்று வாதாடிவந்ததை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லி, உரிய பத்திரத்தையும் எழுதி அனுப்பினார். தம்பி உடனே மனம் இளகிவிடவில்லை; இன்றும் அளந்துதான் பேசுகிறார். ஆனால் அந்தச் சகோதரர் ஜெபிக்கும்போது அவருடைய குரலில் வந்திருக்கும் விடுதலையை நாங்கள் எல்லோரும் கேட்கிறோம். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்று பேதுரு எழுதியதைப் பயத்தோடு மட்டுமல்லாமல் நன்றியோடும் வாசிக்க முடியும் என்று அவரிடம் கற்றேன்.

விசுவாசத்தைப் பகிர்வதும் இதிலிருந்தே பிறக்கிறது. உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு. அப்படியானால், கேள்வி எழும்படியான வாழ்க்கை முதலில் இருக்க வேண்டும். வேலைத்தலத்தில் பொய்க் கணக்கு எழுத மறுத்த எங்கள் சபை இளைஞன் ஒருவனிடம், கடவுளே இல்லை என்று சொல்லிவந்த சக ஊழியர் ஒருநாள் காரணம் கேட்டார். அவனுக்குத் தெரிந்த மொழி மிகக் கொஞ்சம். இயேசு தன்னை மன்னித்ததை அந்தக் கொஞ்ச மொழியிலேயே சொன்னான். அவரும் பொறுமையோடு கேட்டார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இயேசுவை அறிக்கையிட்டதற்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் மரணத்துக்குப் பின் உண்டான உபத்திரவத்தினால் சிதறிப்போனவர்களில், சீப்புருவையும் சிரேனேயையும் சேர்ந்த சிலர் அந்தியோகியா நகருக்கு வந்து, அங்கிருந்த கிரேக்கரிடமும் கர்த்தராகிய இயேசுவைக்குறித்துப் பேசினார்கள் என்று அப்போஸ்தலர் 11 கூறுகிறது. அவர்களுடைய பெயர்களை அந்தப் புத்தகத்தின் ஆசிரியரான லூக்கா எழுதவில்லை. அந்தியோகியாவில்தான் சீஷர்கள் முதன்முதலில் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்டார்கள். அந்தச் சபையிலிருந்துதான் பர்னபாவும் பவுலும் உபவாசத்தோடும் ஜெபத்தோடும் அனுப்பப்பட்டார்கள். ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள், தங்கள் இனத்தாரல்லாத அயலாரிடம் பேசத் துணிந்ததன் பலன் அது.

எங்கள் சபையிலும் இப்போது இந்த நாட்டு மொழியில் ஒரு சிறிய வேதவாசிப்புக் கூட்டம் தொடங்கியிருக்கிறது. படிவங்கள் நிரப்பித் தரும் அந்த அக்காளே அதற்கு அயலகத்தாரை அழைத்து வருகிறார். பேதுருவின் முதலாம் நிருபத்தைப் போதிக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வசனத்தையும் அகராதியோடு உட்கார்ந்து ஆயத்தப்படுத்துகிறேன். வருகிறவர்களில் சிலர் இந்நாட்டவர், சிலர் எங்களைப்போலவே வேறு தேசங்களிலிருந்து வந்தவர்கள். அடுத்த வாரம் 2ஆம் அதிகாரத்தைத் தொடங்குகிறோம்.