தாத்தா வாட்சும் ஒரு பேனாக்கத்தியும்

மே 6, செவ்வாய்

தப்பு என்னுடையதுதான். நின்றுபோன தாத்தாவின் பாக்கெட் வாட்சில் முள்ளைக் கழற்றுகிறேன் பேர்வழி என்று பேனாக்கத்தியால் நெம்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். ஆறு மணிப் பக்கம் வெள்ளை எனாமல் மூக்குத்திக் கல் அளவுக்குத் தெறித்து, அடியில் செம்பு தெரிகிறது. அங்கிருந்து ஒன்பது வரை மயிரிழை விரிசல். அம்மாவிடம் சொல்லவில்லை.

மே 8, வியாழன்

ஓசூரில் டைட்டன் தொழிற்சாலையே இருக்கிற மாவட்டம். ஆனால் சாவி வாட்ச் பார்க்க, எனக்குத் தெரிந்து, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பாய்தான். லென்ஸைக் கண்ணில் மாட்டியதும் கேட்டார்: "கத்தியா தம்பி, ஸ்க்ரூ டிரைவரா?"

பெயிண்ட் வைத்து அடைக்கலாமா என்றேன். செம்புத் தகட்டில் கண்ணாடித் தூளைத் தூவி, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் உருக்குவதுதான் எனாமல். பெயிண்ட் திட்டுத்திட்டாகத் தெரியும் என்றார். டயலையே மாற்றணும்.

மே 15, வியாழன்

மெஷினின் குறுக்களவு, வாட்ச்காரர்கள் கணக்கில், 19 லீன். ஒரு லீன் 2.256 மில்லிமீட்டர், ஆக 43-க்குக் கொஞ்சம் குறைவு. கணக்கெல்லாம் போட்டு ஆன்லைனில் ஒரு டயல் வாங்கிப் போனேன். பாய் அதைக் கவிழ்த்துக் காட்டினார். டயலின் முதுகில் கம்பி மாதிரி கால்கள். மெஷின் தட்டின் ஓட்டையில் அவை இறங்க, பக்கத்து ஸ்க்ரூ பிடித்துக்கொள்ளும். இதற்கும் மூன்று கால்தான், இடம்தான் வேறு.

"காலை வெட்டிட்டு ஒட்டிடலாமே பாய்?"

"ஒட்டலாம். அடுத்துத் திறக்கிறவன் என்னைத்தான் திட்டுவான்."

800 ரூபாய் தண்டம்.

மே 25, ஞாயிறு

பாயின் தகர டப்பாவில் அதே மெஷின், பேலன்ஸ் (இப்படியும் அப்படியும் ஆடுகிற சக்கரம்) ஒடிந்தது, கிடைத்துவிட்டது. டயல் முழுசு. பழைய டயல் மேல் பாலிதீன் தாளை விரித்து, இரண்டு குட்டி நெம்புகோலால் முட்களை ஒரே சீராகத் தூக்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் டயல் தானாகக் கையோடு வந்தது.

பின்மூடியின் உட்புறம் ஊசியால் கீறிய எழுத்து: 7-3-38. அன்றைக்கு ரிப்பேர் பார்த்தவர் போட்ட குறி. ஒரு காலத்தில் திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி ரயில் ஓடியது. அந்த வண்டியைப் பிடிக்கத் தாத்தா இதைத்தான் பார்த்திருப்பாரோ என்னவோ. நீங்களும் தேதி போடுங்களேன் என்றேன். "இப்பதான் பில்லு இருக்கே" என்று மூடியைச் சாத்தினார்.

மே 27, செவ்வாய்

ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பிந்துகிறது. பரவாயில்லை. அம்மா கையில் வாங்கியதுமே, "இது எங்கப்பாது இல்லையே, அதுல ரோமன் நம்பர்தானே இருக்கும்?" என்றாள். துணியில் சுற்றி வைத்திருந்த பழைய டயலை நீட்டினேன். விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மூணு வாரமா இதைத்தான் ஒளிச்சு வெச்சிருந்தியா?"