மூன்றாம் வாங்கு

1979இல் நாங்கள் இலங்கையில் எட்டாம் வகுப்பு. மூன்றாம் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவனின் பெயரை எழுதவில்லை, வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவனுடைய ஐயா தோட்டம் கொத்தப் போகும் கூலித் தொழிலாளி. அந்தச் செப்டெம்பரில்தான் கூப்பனுக்குக் கிடைத்த பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக, கடையில் காசுபோலக் கொடுக்கும் உணவு முத்திரை வந்தது, அதுவும் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த வீடுகளுக்கு மட்டும்.

அந்த வருஷப் பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரமுகர், சனத்துக்குச் சும்மா கொடுத்துப் பழக்கினால் சோம்பேறியாகிவிடும் என்று நீளமாகப் பேசினார். மண்டபம் கைதட்டியது. எங்கள் அப்பா அரசாங்க உத்தியோகம், பங்கீட்டுச் சாமான் கொடுக்கும் சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) வரிசை எனக்குப் பெரிதாகத் தெரியாது, நானும் தட்டினேன். வெளியே வந்ததும் அவன் கேட்டான்: "ஐயா விடியப்புறம் நாலு மணிக்கு மண்வெட்டியோட போறவர். அவரையோடா சொல்லுறார்?"

எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு லண்டனுக்கு வந்துதான் பழைய கதைகளைத் தேடி வாசித்தேன். 1953இல் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஒரேயடியாக ஏற்றி, பள்ளிக்கூட மதிய உணவையும் நிறுத்தினார்கள்; ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில், அதாவது பொதுக் கடையடைப்பில், நாடு ஸ்தம்பித்து, மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டி வந்தது, இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1962இல் அரிசிப் பங்கீட்டைக் குறைக்கப் போய் நிதி மந்திரி பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் விலகினார். சரி, இதற்குப் பிறகு சத்தமில்லாமல் வெட்டப் பழகிக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். முத்திரையில் அச்சடித்த ரூபா அப்படியே நின்றது, கடையில் விலை ஏறிக்கொண்டே போனது. வருஷா வருஷம் அரிசி அளக்கும் சுண்டில் அரிசி குறைந்ததே தவிர, எவரும் எதையும் குறைத்ததாக அறிவிக்கவில்லை, அதனால் ஹர்த்தாலும் இல்லை. ஆனால் ஐந்து வருஷம் பாராளுமன்றத்தில் இருந்தால் ஓய்வூதியம் என்ற சட்டம் 1977இலேயே வந்துவிட்டது, ஆட்சிகள் மாறினாலும் அதை நீக்கப் பல வருஷங்களாக எந்தக் கட்சிக்கும் அவசரம் இருக்கவில்லை.

போன வருஷம் நம் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில், வசதியில்லாத பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கொடுத்தால் பெடியள் கெட்டுப்போவார்கள் என்று ஒருவர் சொன்னார். அதே வசனம். இந்த முறை நான் எழுந்து அந்த மண்வெட்டியைப் பற்றிச் சொன்னேன். அப்புறம், பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டுப் பெயர் வாசித்துப் படம் எடுக்காமல், காசை நேரே தாயின் வங்கிக் கணக்கில் போடும்படி செயற்குழுவுக்குக் கடிதமும் கொடுத்திருக்கிறேன்.