காணிக்கைப் பெட்டியும் இரண்டு கையெழுத்தும்

2024 ஜூன் 2, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் சபைக் கமிட்டி. இனி காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பாஸ்டராகிய நான் அறிவித்தேன். யாரும் மறுக்கவில்லை. 18 வருஷமாகத் தனியாக எண்ணி, எழுதி, வங்கியில் கட்டிவரும் பொருளாளர் ஐயா கணக்கு நோட்டை மூடினார். அதன்மேல் பெட்டிச் சாவியை வைத்தார். ஜெபம் முடிந்து கண் திறந்தபோது அவர் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

அவர்மேல் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. நாளைக்கு யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால், அவருக்கு ஆதரவாகக் காட்ட ஒரு தாள்கூட இல்லையே என்பதுதான் என் கவலை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தை அப்போஸ்தலன் பவுல் தன் கையில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூடச் சேர்த்துக்கொண்டார். யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்ற காரணத்தையும் வேதாகமத்தில் உள்ள தன் கடிதத்தில், 2 கொரிந்தியர் 8இல், எழுதிவைத்தார். நான் ஞாயிறன்று காரணம் சொல்லவில்லை, சட்டத்தை மட்டும் சொன்னேன்.

ஜூன் 6, வியாழன்

ஒரு சகோதரி போன் செய்தார். "பாஸ்டர், கணக்கில ஏதோ குறையாமே?" கை நடுங்கியது. எந்தப் பேச்சிலிருந்து பொருளாளர் ஐயாவைக் காக்க நினைத்தேனோ, அதை நானே கிளப்பிவிட்டேன்.

 

ஜூன் 8, சனி

பொருளாளர் ஐயா வீட்டுக்குப் போனேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முதல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாஸ்டர்."

குற்றம் செய்த சகோதரனிடம்கூட முதலில் தனியாகப் போய்ப் பேசு என்கிறது வேதாகமத்தின் மத்தேயு 18. எத்தனை முறை அதைப் பிரசங்கித்திருப்பேன்! எந்தக் குற்றமும் செய்யாத மனிதரைப் பத்துப் பேர் நடுவில் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன்.

கிளம்பும் நேரத்தில்தான் மனம் திறந்தார். காணிக்கை குறைந்த வாரங்களில் அவருக்குத் தூக்கம் வராதாம். தான் எடுத்துவிட்டதாக யாராவது நினைப்பார்களோ என்று இரவில் எழுந்து மறுபடி கூட்டிப் பார்ப்பாராம். இத்தனை வருஷமும் அதை யாரிடமும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

முறையை அவரே வகுத்துக் கொடுத்தார். புருஷன் மனைவி, அப்பா பிள்ளை சேர்ந்து எண்ணக் கூடாது. ஆலயத்தை விட்டு வெளியே போகுமுன் எண்ணி முடிக்க வேண்டும். எந்த ரூபாய் நோட்டு எத்தனை என்று தனித்தனியாக எழுத வேண்டும். எண்ணுகிறவர் கையில் கணக்கு நோட்டு இருக்கக் கூடாது. நான் யோசித்து வைத்திருந்ததைவிட இது எவ்வளவோ மேல்.

ஜூன் 9, ஞாயிறு

அவர் சம்மதத்தோடு சபையில் சொன்னேன்: கணக்கில் ஒரு குறையும் இல்லை, முறை அவர் வகுத்தது, முன்பே அவரிடம் பேசாதது என் தவறு. போன் செய்த சகோதரி போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 16, ஞாயிறு

முதல் எண்ணிக்கை. ஒரு வாலிபனும் ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியையும். முதலில் தொகை ஒத்துவரவில்லை. திரும்ப எண்ணியபோது, மடித்த ஒரு நோட்டுக்குள் இன்னொன்று. பொருளாளர் ஐயா வாசலிலேயே நின்றார், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. தாளை வாங்கிக் கணக்கு நோட்டில் பதிந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "உங்க மேசையில இருக்கிற உதவி நிதிக் கவருக்கு யார் கையெழுத்து, பாஸ்டர்?"

யாருடையதும் இல்லை. கஷ்டம் என்று வருகிறவர்கள் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று நானே கொடுத்து, நானே மறந்துவிடுகிறேன். பெயருக்குப் பதில் எண் போடலாம், பெயர்ப் பட்டியலை நாம் இரண்டு பேர் மட்டும் பார்க்கலாம் என்றார். செவ்வாய் மாலை கவரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.