ரப்பர் ஆசிட்டும் ருத்தேனியமும்

எங்கள் வீட்டில் ஆசிட் என்றால் ஃபார்மிக் ஆசிட்தான். குலசேகரம் பக்கம் ரப்பர் உள்ள வீடுகளில் வேறு ஆசிட் யாருக்கும் நினைவுக்கு வராது. சிரட்டைகளிலிருந்து சேர்த்த பாலில் தண்ணீர் விட்டு, ஆசிட்டைக் கலக்கி வைத்தால் உறைந்துவிடும். அப்புறம் உருளையில் கொடுத்து ஷீட் அடிக்க வேண்டியதுதான். அந்த நெடியில்தான் நான் வளர்ந்தேன்.

நாகர்கோவிலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் லேபில் அதே நெடி. இங்கே அது பாலை உறைய வைக்க வரவில்லை, கீட்டோனை ஆல்கஹாலாக மாற்ற ஹைட்ரஜன் கொடுக்க வந்திருந்தது.

முதலில் வினையூக்கிக்கான ருத்தேனியம் என்ற உலோகத்தின் சேர்மத்தைச் செய்ய வேண்டும். ருத்தேனியம் குளோரைடு ஹைட்ரேட் 1 கிராம், எத்தனால் 50 மில்லி, ஆல்ஃபா ஃபெலாண்ட்ரீன் 5 மில்லி, 4 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்க வைப்பது). ஃபெலாண்ட்ரீன் தன் ஹைட்ரஜனை இழந்து பாரா சைமீன் ஆகிறது (ஓமத்தில் உள்ள அதே சைமீன்), ருத்தேனியத்தின் ஆக்சிஜனேற்ற எண் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குகிறது. ஆறவிட்டால் செம்பழுப்புப் படிகங்கள். எனக்கு 0.7 கிராம்தான் கிடைத்தது, கணக்குப்படி 1.17 வர வேண்டும். கைடிடம் திட்டு வாங்கினேன். குற்றவாளி ஜூன் மழை. அந்தக் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சாரல் அடிக்கும் நாளில் பாட்டிலைத் திறந்து வைத்து நிதானமாக நிறுத்தால், தராசு காட்டுவதில் ஒரு பங்கு தண்ணீர். இப்போதெல்லாம் வெயில் உள்ள நாளாகப் பார்த்துத்தான் நிறுக்கிறேன்.

இந்தப் படிகத்தோடு கைரல் (இடக்கை, வலக்கை போல ஆடிப்பிம்ப வடிவம் உள்ள) டைஅமீன் ஒன்றைச் சேர்த்தால் நொயோரி, இக்காரியா என்ற ஜப்பானிய வேதியியலாளர்கள் குழுவின் வினையூக்கி. 2001இல் நொயோரிக்கு நோபல் கிடைத்ததும் இத்தகைய ஹைட்ரஜனேற்றத்துக்குத்தான். ஃபார்மிக் ஆசிட்டிலிருந்து ஒரு ஹைட்ரஜனை ருத்தேனியமும், இன்னொன்றை அதன் பக்கத்து நைட்ரஜனும் வாங்கிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து கீட்டோனின் ஒரே முகத்தில் கொடுக்கும். அதனால்தான் ஆல்கஹாலில் ஒரு கை வடிவம் மட்டும் மிகுந்து வருகிறது. அசிட்டோபினோன் என்ற கீட்டோனுக்கு இருநூறில் ஒரு பங்கு வினையூக்கி போதும். அவர்களின் 1996 கட்டுரையில் வெப்பநிலை 28 டிகிரி. எங்கள் ஊரில் அதற்கு ஹீட்டரே வேண்டாம்.

ஆசிட்டையும் டிரைஎத்தில் அமீன் என்ற காரத்தையும் ஐந்துக்கு இரண்டு மோல் கணக்கில், ஐஸில் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கலக்க வேண்டும். அவசரப்பட்டால் புகை கிளம்பும். அதைக் கவனமாகச் செய்தேன். கோட்டை விட்டது அதற்கு அடுத்ததில். ஈரம் புகக் கூடாதென்று ஃபிளாஸ்க்கை செப்டம் (ரப்பர் மூடி) போட்டு இறுக்கி மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். ஹைட்ரஜனைக் கொடுத்த ஆசிட் கார்பன் டைஆக்சைடாக வெளியேறும் என்று பரீட்சையில் எழுதியவள்தான் நான். திரும்பி வந்தால் செப்டம் ஃபியூம் ஹுட்டின் மூலையில் கிடந்தது, கண்ணாடிக் கதவெல்லாம் ஆரஞ்சுத் துளிகள். நல்ல வேளை, கதவு இறக்கியிருந்தது. இப்போது மூடியில் ஓர் ஊசி, அதிலிருந்து குழாய், குழாய் முனை எண்ணெயில், வாயு குமிழியாக வெளியேறும். குமிழி நின்றால், வினை முடிந்ததா என்று பார்க்க டிஎல்சி (மென்படலப் பிரிப்புச் சோதனை) போடுவேன்.

இதை அப்பாவிடம் சொன்னேன். வினையூக்கியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த ஆசிட்டு மிச்சம் உண்டா மக்களே? இங்க தீர்ந்து போச்சு."