கனடா கிளம்புமுன் மதுரையிலேயே முடிக்க வேண்டிய தாள் வேலைகள்

கனடாவுக்கு பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கிக் கிளம்புகிறவர்கள் குளிர் கோட்டுக்கும் பெட்டி எடைக்கும் காட்டுகிற கவலையில் பாதியைத் தாள்களில் இருக்கும் தங்கள் பெயரின் மேல் காட்டினால் போதும். எங்கள் வீட்டுத் தாள்களையும், பிறகு திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்களின் தாள்களையும் ஒழுங்கு செய்ததில் தெரிந்துகொண்டது இதுதான்: அங்கே போய் முட்டி நிற்கிற இடங்களில் பெரும்பாலானவை இங்கேயே விழுந்த முடிச்சுகள். இங்கே ஒரு வாரத்தில் அவிழ்கிறது, அங்கிருந்து அவிழ்க்க மாதக்கணக்காகும்.

நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘முத்துக்குமார் கே’, ஆதாரில் ‘கே. முத்துக்குமார்’, பட்டத்தில் ‘முத்துக்குமார் கருப்பையா’, பாஸ்போர்ட்டில் கிவன் நேம் கட்டத்தில் முத்துக்குமார், சர்நேம் கட்டம் காலி என்று வைத்துக்கொள்வோம். ஊரில் இது யார் கண்ணையும் உறுத்தாது. கனடா குடிவரவுத் துறையின் விதி வேறு. பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லையென்றால் இருக்கிற பெயர் முழுவதையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டு முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடச் சொல்கிறார்கள். பி.ஆர். தாளும் அப்படியே அச்சாகி வரும். அதைக் காட்டித்தான் சின் எண் (வேலைக்கும் வரிக்கும் வேண்டிய அரசு எண்), வங்கிக் கணக்கு, ஹெல்த் கார்டு, லைசென்ஸ் எல்லாம். ஒற்றைப் பெயரை ஏற்காத கணினித் திரையில் ஒரு கவுன்ட்டரில் அதே பெயரை இரண்டு தடவை அடிப்பார்கள், இன்னொரு கவுன்ட்டரில் கோடு போட்டு வைப்பார்கள். வீட்டு வாடகைக்கோ கார் கடனுக்கோ கிரெடிட் ரிப்போர்ட் (கடனும் பில்லும் ஒழுங்காகக் கட்டிய வரலாறு) எடுக்கும்போது, கட்டிய பில்லெல்லாம் வேறு யாரோ கட்டியதாக நிற்கும்.

வழி, விண்ணப்பம் தொடங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ செய்வது. நம் மண்டல அலுவலகம் பாரதி உலா சாலையில்தான். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தத்கல் என்றால் கூடுதலாக 2,000. சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரை முழுதாகக் கொடுங்கள், இனிஷியலாகக் கொடுக்காதீர்கள். அப்பா பெயரின் ஆங்கில எழுத்து அந்தப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். கருப்பையாவின் நடுவில் ஒரு ‘பி’யா, இரண்டு ‘பி’யா என்பது அற்பமாகத் தெரியும், அப்படி விடக்கூடாது. ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி எல்லாத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். விண்ணப்பித்த பிறகு பாதி வழியில் பாஸ்போர்ட் மாற்றினால் புதிய எண்ணைக் கனடா குடிவரவுத் துறைக்கு ஆன்லைனில் தெரிவித்துவிட்டு பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்படிச் செய்தால் அங்கே எல்லாரும் ‘மிஸ்டர் கருப்பையா’ என்று அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். பழகிவிடும். மனைவி செல்வி ராமசாமி, பிள்ளை கவின் முத்துக்குமார் என்று ஒரே வீட்டில் மூன்று சர்நேம் இருப்பதும் குற்றமில்லை. கேட்கிற இடத்தில் காட்ட இரண்டு தாள் போதும்: திருமணப் பதிவுச் சான்று, அம்மா அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கும் பிறப்புச் சான்று. ‘குடும்பம் ஒரே பெயரில் இருக்கட்டும்’ என்று மனைவி பெயரை அவசரமாக மாற்றுவது வீண் வேலை. அவருடைய படிப்புச் சான்றிதழ்கள் எல்லாம் பிறந்த வீட்டு இனிஷியலில்தான் இருக்கும்.

திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டிக்கொண்டவர்களில் பலர் கோயில் ரசீதே போதும் என்று நினைத்திருப்பார்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் செய்ய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் தருவார்கள். பிறப்புச் சான்றில் பார்க்க வேண்டியது, பெயரே பதிவாகாமல் ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் இருக்கிறதா என்பதை. அந்தக் காலத்துப் பதிவுகளில் இது சகஜம். தமிழில் மட்டும் உள்ள தாளுக்கு மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். சித்தப்பா வக்கீலாகவே இருந்தாலும் சரி, குடும்பத்தினர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்க மாட்டார்கள்.

படிப்பை மதிப்பிட வெஸ் அமைப்பிடம் போகிறவர்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, தங்கள் மதிப்பெண் பட்டியல் யார் கையெழுத்தில் போக வேண்டும் என்பதை. தன்னாட்சிக் கல்லூரியில் படித்திருந்தால் மதிப்பெண் பட்டியல் கல்லூரியுடையது, பட்டம் பல்கலைக்கழகத்துடையது. 2001க்கு முன் நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்தன, பிறகு அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போயின. ஆகவே பட்டத்தில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அங்கேதான் தொடங்க வேண்டும். வெஸ் தளத்தில் கல்லூரியையும் ஆண்டையும் போட்டால் என்ன தாள், யார் அனுப்ப வேண்டும் என்று வரும். அதை அச்செடுத்துக்கொண்டு, காமராசர் பல்கலைக்கழகம் என்றால் தேனி ரோட்டில் பல்கலை நகருக்குப் போங்கள். மதிப்பெண் பட்டியலைக் கவரில் போட்டு ஒட்டிய மடிப்பின் மேல் முத்திரையும், கவருக்கு வெளியே உங்கள் வெஸ் எண்ணும் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வீட்டில் ஒரு தடவை பிரித்துப் பார்த்தால் அந்தக் கவர் செல்லாது.

கையில் போதுமான பணம் இருக்கிறது என்று கனடா விண்ணப்பத்தில் காட்டுகிற கடிதத்தில் வங்கிகள் வழக்கமாக இன்றைய இருப்பை மட்டும் எழுதித் தரும். கணக்கு தொடங்கிய தேதி, கடைசி 6 மாதச் சராசரி இருப்பு, நிலுவைக் கடன்கள் ஆகியவையும் லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். மாதிரிக் கடிதத்தை நாமே அடித்துக்கொண்டு போவது நல்லது. அதே வங்கியில் நகைக்கடன் இருந்தால் அதுவும் கடன் பட்டியலில் ஏறும் என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். நிலம் விற்ற பணம் திடீரென்று ஏறியிருந்தால் கிரயப் பத்திர நகலைச் சேர்த்து வையுங்கள்.

கொண்டுபோகிற நகைக்கு தெற்கு ஆவணி மூல வீதியில் எடையும் மதிப்பும் எழுதி வாங்கி, ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது கனடா சுங்கத்தில் கொடுக்கும் பட்டியலுக்கு இது வேண்டும். கையில் கொண்டுபோகிற பணம் 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட் (உரிமப் பதிவின் விவரத் தாள்) எடுத்துவிட வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குடியேறி 60 நாள் வரை இந்திய லைசென்ஸில் ஓட்டலாம், அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு. இரண்டு வருட அனுபவத்தை முறையாக நிரூபித்தால் காத்திருக்காமல் நேராக முழு லைசென்ஸ் ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். சிக்கல் என்னவென்றால், புதுப்பித்த அட்டையில் புதுப்பித்த தேதியைப் பார்த்துவிட்டு உங்களைப் புது ஓட்டுநர் என்று எண்ணிவிடுவார்கள். எக்ஸ்ட்ராக்டில் முதன்முதலில் வழங்கிய தேதி இருக்கிறதா பாருங்கள். பழைய புத்தக லைசென்ஸ் கணினியில் ஏறாமல் இருந்தால் முதலில் அதை ஏற்றச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் ஒரு குறை பெரும்பாலும் இருக்கும். அரசு அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லா உண்டு. பொன்னுக்குவீங்கி, சின்னம்மை ஊசிகள் கிடையாது. ஒன்டாரியோ பள்ளிகள் பொன்னுக்குவீங்கியைக் கேட்கும், 2010இலோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குச் சின்னம்மையையும் கேட்கும். இங்கேயே தனியார் மருத்துவரிடம் போட்டுக்கொண்டால் தேதியும் மருந்தின் பெயரும் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள்.

இறங்கியதும் முதலில் சின் எண், இலவசம். அடுத்தது வங்கி, பிறகு வீடு. நம்மூர்ப் பத்து மாத அட்வான்ஸ் பழக்கத்தில் ஆறு மாத வாடகையை நீட்டிவிடாதீர்கள். ஒன்டாரியோவில் முதல் மாதமும் கடைசி மாதமும்தான் கேட்கலாம். ஒப்பந்தத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். ஹெல்த் கார்டுக்கு முகவரிச் சான்று வேண்டும், கணவன் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருந்தால் மனைவியிடம் காட்ட எதுவும் இருக்காது. கூட்டு வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் அந்த நேரத்தில் உதவும்.

மதுரையில் வீடோ வயலோ இருந்தால் கிளம்புமுன் பவர் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். வெளிநாட்டில் எழுதி அனுப்பினால், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். ஆதாரோடும் வங்கியோடும் இணைந்த சிம் எண்ணை இன்டர்நேஷனல் ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், ரீசார்ஜ் தேதியை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அந்த எண் போய்விட்டால் ஓ.டி.பி. வராது, வராவிட்டால் இங்கே உள்ள பணத்தைத் தொடவே முடியாது.