கேம்ரியும் கால் மைலும்

டிராக் ரேஸ் என்பது இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் கால் மைல், அதாவது 1,320 அடி, ஓடும் பந்தயம். அதில் ஓட்டுபவருக்கு அப்படி என்ன வேலை, ஆக்ஸிலரேட்டரில் ஒரே மிதி, நேரே போக வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் நிறைய. யூடியூபில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் என் நினைப்பும் ஏறத்தாழ அதுதான். ஒரு புதன்கிழமை சாயங்காலம் சொனோமாவில் எங்கள் வீட்டு டொயோட்டா கேம்ரியை ஓட்டிவிட்டு வந்த பிறகு சொல்கிறேன்: மொத்தம் 1,320 அடியில் முதல் 60 அடிதான் நம் காலில் இருக்கிறது. மிச்சமெல்லாம் இன்ஜின் பாடு.

சொனோமா ரேஸ்வே சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, 37ஆம் நெடுஞ்சாலையும் 121ஆம் நெடுஞ்சாலையும் சேருகிற இடத்தில் இருக்கிறது. 1968ல் சியர்ஸ் பாயிண்ட் என்ற பெயரில் திறந்தது, நடுவில் இன்ஃபினியன், 2012லிருந்து சொனோமா. நாஸ்கார் கார் பந்தயம் வருகிற அதே இடம். ஜூலையில் என்எச்ஆர்ஏ என்ற அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பின் பந்தயம் நடக்கும்போது 11,000 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள, டாப் ஃப்யூயல் என்ற உச்ச வகை வண்டிகள் நான்கு நொடிக்குள் ஆயிரம் அடியை முடித்துவிட்டுப் போவதும் இதே கோட்டிலிருந்துதான். ஆனால் புதன்கிழமை சாயங்காலம் அப்படி எதுவும் இல்லை. லைசென்ஸும் ஓடுகிற நிலையில் ஒரு வண்டியும் இருந்தால் காசு கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

என்னைக் கூட்டிப்போனது ஆபீஸ் நண்பர் ஒருவர். கோயமுத்தூர்க்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், மஸ்டாங் ஜிடி வைத்திருக்கிறார். நான் வேடிக்கை பார்க்க வருகிறேன் என்றதற்கு, "அட, உங்க வண்டியையே எடுத்துட்டு வாங்க. அங்க மினிவேனெல்லாம் ஓடுதுங்க" என்றார். பிள்ளையைப் பள்ளியில் விடும் வண்டியை அங்கே கொண்டுபோவதா என்று எனக்குத் தயக்கம். வீட்டில் அதைவிட. "என்னங்க, பிள்ளையோட கார் சீட்டைக் கழட்டினா மறுபடி நீங்கதான் மாட்டணும்" என்ற ஒரே நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

எங்கள் கேம்ரி 3.5 லிட்டர் வி6, 301 குதிரைத்திறன், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். பார்த்தால் ஊபர் மாதிரி இருக்கும். டொயோட்டா 2025 மாடலிலிருந்து இந்த வி6ஐ நிறுத்திவிட்டு எல்லாம் ஹைப்ரிட் என்று ஆக்கிவிட்டது, அதனால் எனக்கு இதன்மேல் கொஞ்சம் கூடுதல் பாசம்.

முன்தினம் ராத்திரி டிக்கியைக் காலி செய்தேன். குடை, ஸ்ட்ரோலர், பந்து, இந்தியன் ஸ்டோரில் வாங்கி இறக்காமலே விட்ட சோனா மசூரி மூட்டை, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் கராஜுக்குப் போயின. எடை குறைவது ஒரு பக்கம், உள்ளே உருளுகிற எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்பது விதி. ஓடும்போது ஒரு தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் போதும், கதை முடிந்தது.

போனதும் முதலில் சோதனை. பேட்டரி அசையாமல் இறுக்கியிருக்கிறதா, வீல் நட்டெல்லாம் முடுக்கியிருக்கிறதா, எங்காவது எண்ணெயோ கூலண்டோ கசிகிறதா, சீட் பெல்ட் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். முழு பேன்ட், மூடிய ஷூ கட்டாயம். என்எச்ஆர்ஏ விதிப்படி கால் மைலை 13.99 நொடியிலோ அதற்கும் விரைவாகவோ ஓடுகிற வண்டிக்குத்தான் ஹெல்மெட் வேண்டும். கேம்ரிக்கு அந்தக் கவலை இல்லை. இருந்தாலும் நண்பர் தன்னுடைய இன்னொரு ஹெல்மெட்டைக் கொடுத்தார், போட்டுக்கொண்டேன், கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. கடைசியாக ஏசியை அணைக்கச் சொன்னார்கள். ஏசித் தண்ணீர் தொடக்கக் கோட்டில் சொட்டினால் பின்னால் வருகிறவன் சக்கரம் வழுக்கும். இதை நான் யோசித்தே பார்த்ததில்லை.

அப்புறம் வரிசை. டிராக் ரேஸின் பெரும்பகுதி வரிசையில் நிற்பதுதான் என்று யாரும் வீடியோவில் காட்டுவதில்லை. முன்னால் ஒரு பழைய ஷெவர்லே நோவா, பக்கத்தில் சத்தமே போடாத டெஸ்லா, பின்னால் சைலன்ஸரே இல்லாத ஹோண்டா சிவிக். சுற்றியிருக்கும் குன்றுகளில் செம்மறி ஆடுகள். புல் வெட்டுவதற்கு இயந்திரம் வைக்காமல் ஆட்டு மந்தையை விட்டிருக்கிறார்கள், அவை பாட்டுக்கு மேய்கின்றன, இத்தனை சத்தத்துக்கும் ஒன்றும் தலையைத் தூக்குவதில்லை. விரிகுடாவிலிருந்து வரும் காற்று ஆறு மணிக்கெல்லாம் ஜாக்கெட் கேட்கும். இன்ஜினுக்கு அது நல்லது. குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும், ஒவ்வொரு மூச்சிலும் ஆக்ஸிஜன் அதிகம். இடமும் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருக்கிறது. டென்வர் பக்கம் 2023ல் மூடிய பேண்டிமியர் மாதிரி மலைமேல் இருக்கிற டிராக் ரேஸ் தளத்தில் இதே வண்டி இதே நேரத்தை எடுக்கவே முடியாது. வரிசையில் நிற்கும்போது பாதிப் பேர் பானெட்டைத் திறந்துவைத்திருப்பதும் சூடு குறையட்டும் என்றுதான்.

கோட்டுக்கு முன்னால் தண்ணீர் தெளித்த இடம் ஒன்று வரும். பர்ன்அவுட் செய்பவர்கள் அதில் டயரை நனைத்து, சுழற்றி, புகைவிட்டு, ரப்பரைச் சூடாக்கிக்கொள்வார்கள். சாதாரணத் தெரு டயர் போட்டவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் டயர் கோடுகளில் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்க் கோட்டில் கொட்டுவோம். புகை கிளப்ப ஆசைப்பட்டு வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். அதைத் தாண்டினால் தரையே வேறு. வருஷக்கணக்கில் படிந்த ரப்பருக்கு மேல் பிசின் மாதிரி ஒன்றைத் தெளித்திருக்கிறார்கள். பலாப்பழம் அறுத்த கை மாதிரி பிசுபிசுப்பு. மெதுவாக உருட்டும்போதே டயர் தரையைவிட்டுப் பிரியும் சத்தம் கேட்கிறது.

இப்போது ஸ்டேஜிங், அதாவது வண்டியைத் தொடக்கக் கோட்டில் சரியாகக் கொண்டுபோய் நிறுத்துவது. இரண்டு லேனுக்கும் நடுவில் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்ற விளக்குக் கம்பம் நிற்கிறது, 1963லிருந்து இருக்கிற ஏற்பாடு. அந்தக் காலத்துக்கு முன்பு ஒரு ஆள் கொடியை வீசுவார். தரைக்குச் சற்று மேலே குறுக்கே இரண்டு ஒளிக்கற்றைகள் போகின்றன. முன்சக்கரம் முதல் கற்றையை மறைத்தால் மேல் விளக்கு எரியும். இன்னும் ஏழு அங்குலம் நகர்ந்து இரண்டாவதை மறைத்தால் அடுத்த விளக்கு. அந்த ஏழு அங்குலம் இருக்கிறதே! பிரேக்கை மயிரிழை விட்டால் வண்டி நகரவில்லை, இன்னும் கொஞ்சம் விட்டால் குதிக்கிறது. இரண்டு பேரும் ஸ்டேஜ் ஆனதும் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக இறங்கி வரும், அதற்கு அரை நொடி கழித்துப் பச்சை. அவசரப்பட்டால் சிவப்பு.

"பச்சையப் பாத்துட்டு மிதிச்சா லேட்டுங்க. கடைசி மஞ்சள் பத்தும்போதே கெளம்பிடோணும்" என்று நண்பர் வரிசையில் நாலு தடவை சொல்லியிருந்தார். மூளை காலுக்குச் சொல்லி, கால் மிதித்து, வண்டி அந்தக் கற்றையைவிட்டு வெளியே உருளுவதற்குள் அந்த அரை நொடி கரைந்துவிடும் என்பது கணக்கு. கணக்கு புரிகிறது. ஆனால் பத்து வருஷமாகச் சிக்னலில் பச்சை வந்த பிறகே போய்ப் பழகிய காலுக்கு அது புரிய வேண்டுமே. முதல் ஓட்டத்தில் நான் பச்சையைப் பார்த்து, ஆம் பச்சைதான் என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு முழுசாக மிதித்தேன். முன்சக்கரங்கள் கீச்சென்று சுழன்றன, ஸ்டியரிங் கையில் இடமும் வலமும் இழுத்தது, அப்புறம் பிடி கிடைத்து வண்டி கிளம்பியது. முடிவுக் கோடு வரைக்கும் கழுத்தை சீட்டில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

திரும்பிவரும் பாதையில் ஒரு சின்னக் கூண்டில் டைம் ஸ்லிப் தருகிறார்கள், கடைப் பில் மாதிரி நீளமான தாள். ரியாக்ஷன், அதாவது பச்சை விழுந்த பிறகு வண்டி நகர எடுத்த நேரம், 1.124 நொடி. முதல் 60 அடி 2.51. கால் மைல் 14.93 நொடி, முடிவுக் கோட்டில் மணிக்கு 96.8 மைல். பக்கத்து லேனில் ஓடிய பிக்கப் டிரக்குக்கு 15.41. நான் அரை நொடி வேகம். ஆனால் கோட்டை முதலில் தாண்டியது டிரக்! ரியாக்ஷன் டைமை வண்டியின் நேரத்தோடு சேர்ப்பதில்லை. சக்கரம் கற்றையைவிட்டு நகர்ந்த பிறகுதான் வண்டியின் கடிகாரம் ஓடத் தொடங்கும். பச்சைக்குப் பிறகு நீங்கள் கோட்டிலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாலும் உங்கள் 14.93 அப்படியேதான் இருக்கும், தோற்றுமட்டும் போவீர்கள். டிரக் ஓட்டியவரின் ரியாக்ஷன் 0.312. கூட்டிப்பாருங்கள், அவருக்கு 15.72, எனக்கு 16.05. தாடி வைத்த பெரியவர் அவர், கண்ணாடியை இறக்கிக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

எனக்கு உறுத்தியது அந்த 2.51தான். முன்சக்கர வண்டிக்கு இயற்கையிலேயே இதில் ஒரு சாபம் உண்டு. எவ்வளவு பலமாகக் கிளம்புகிறதோ அவ்வளவு எடை பின்னால் சாயும், இழுக்க வேண்டிய முன்சக்கரங்களின் மேல் பாரம் குறையும், வழுக்கும். மஸ்டாங் போன்ற பின்சக்கர வண்டிக்கு அதே சாய்வு உதவி செய்கிறது. நண்பர் என் முன் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டார், பின் டயர்களை அப்படியே விட்டார். சக்கரம் சுழன்றால் இன்ஜினைத் தானாக அடக்கும் ட்ராக்ஷன் கண்ட்ரோலை அணைக்கச் சொன்னார். இடதுகாலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு வலதுகாலால் 1,500 ஆர்பிஎம் வரை மட்டும் ஏற்றி நிறுத்தி, கிளம்பும்போது முக்கால் மிதி, வண்டி பிடித்துக்கொண்ட பிறகு முழு மிதி. இதை வாயால் சொல்வது சுலபம். ஒவ்வொரு தடவையும் கால் அந்த முக்காலைத் தாண்டிவிடும், கீச்சென்று ஒரு சத்தம் வரும், வரிசையில் நிற்கும் யாராவது சிரிப்பார்கள்.

இருட்டின பிறகு ஒரு ஓட்டம் அமைந்தது. சக்கரம் சுழலவில்லை. ஒரு உறுமல், ஒரு சின்ன வழுக்கல், உடனே தள்ளு. உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்துவிட்டது. ஸ்லிப்பில் 60 அடி 2.27, கால் மைல் 14.52. வேகம் 97.3 மைல், அதாவது கிட்டத்தட்ட அதே. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோட்டில் காட்டும் வேகம் இன்ஜின் பலத்தையும் எடையையும் சொல்கிறது, அது ராத்திரி முழுக்கப் பெரிதாக மாறவில்லை. நேரம் மட்டும் குறைந்தது, அத்தனையும் முதல் 60 அடியில் மிச்சம் பிடித்தது. அங்கே கால் நொடியை விட்டால் கடைசியில் அது அரை நொடியை நெருங்கிவிடுகிறது, ஏனென்றால் அந்தத் தாமதத்தை வழிநெடுகச் சுமந்துகொண்டு போகிறோம்.

நம்மூரில் இந்த ஆசை உள்ள பையன்கள் ஈசிஆரிலும் மெரினா பக்கமும் ராத்திரியில் பைக்கை முறுக்கிப் போலீஸில் மாட்டுகிறார்கள், சிலர் உயிரையே விடுகிறார்கள். இங்கேயும் 1940களில் கதை அதேதான், பழைய காரை வேகத்துக்காக மாற்றியமைத்த 'ஹாட்ராட்' பையன்கள் தெருவில் ஓட்டினார்கள். 1950ல் கலிபோர்னியாவில் சான்டா ஆனா விமான ஓடுதளத்தில் காசு வாங்கிக்கொண்டு ஓடவிட்டார்கள், மறு வருஷம் வாலி பார்க்ஸ் என்பவர் என்எச்ஆர்ஏவைத் தொடங்கினார். விமான ஓடுதளம் என்றதும் எங்கள் தலைமுறைக்கு முந்தைய சென்னைக்காரர்களுக்குச் சோழவரம் ஞாபகம் வரும், அங்கேயும் போர்க்காலத்து ஓடுதளத்தில்தான் பந்தயம் நடந்தது. 1990ல் இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தளம் வந்தது, அங்கே பைக்குகளுக்குத் தேசிய டிராக் போட்டியும் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் ஒரு சாதாரணப் பையன் வாரநாள் சாயங்காலம் தன் வண்டியோடு போய்க் காசு கட்டி ஓட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற மாதிரி ஒரு ஏற்பாடு நம் ஊருக்கு அவசியம் வேண்டும். சொனோமாவில் பள்ளி மாணவர்களைப் போலீஸ்காரர்களோடு பக்கத்துப் பக்கத்து லேனில் ஓடவிடும் திட்டம்கூட நடத்தியிருக்கிறார்கள். பிடிப்பதைவிட அது மலிவு.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் இன்ஷூரன்ஸை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் பந்தயத்தளத்தில் ஆகும் சேதத்துக்குப் பணம் வராது.

அடுத்த சீசனில் பிராக்கெட் ரேஸ் பார்க்கலாம் என்று பேச்சு. அதில் ஒவ்வொருவரும் தன் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதித்தர வேண்டும். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசம் அளவுக்கு முன்னால் பச்சை விழும். எழுதியதைவிட விரைவாக ஓடினாலும் தோல்விதான், அதனால் வண்டி மெதுவானது என்று சொல்லி ஏமாற்ற முடியாது. நண்பரின் மஸ்டாங் 12.9 ஓடுகிறது, நான் 14.5. அப்படியென்றால் எனக்கு 1.6 நொடி முன்னால் பச்சை, உங்களை ஜெயித்துவிடலாம் போலிருக்கே என்றேன். அவர் என் முதல் ஸ்லிப்பை வாங்கி இன்னொரு தடவை பார்த்தார். "ஜெயிக்கலாமுங்க. அந்த 1.6ல நீங்க 1.1 பச்சையப் பாத்துட்டே நின்னுட்டீங்கன்னா மிச்சம் அரை நொடி. அதுல பாத்துக்கலாம், வாங்க."