அடுத்த லேப்டாப்: விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

என் பழைய லேப்டாப்பில் இன்டெல் ஏழாம் தலைமுறை செயலி. வாங்கிய நாளிலிருந்து விண்டோஸ் 10தான். தட்டச்சு செய்ய, திருத்த, அகராதி பார்க்க அதன் வேகம் எனக்கு இன்றும் போதும். ஆனால் திரையைத் தாங்கும் கீல் உடைந்து, மூடித் திறக்கும்போதெல்லாம் திரையில் கோடுகள் விழ ஆரம்பித்தன. அந்தச் சமயத்தில்தான் விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஏற்கப்பட்ட செயலிகளின் பட்டியலில் ஓர் இடமும் வேண்டும். இன்டெல்லைப் பொறுத்தவரை, சில விதிவிலக்குகள் தவிர, அந்தப் பட்டியல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. என்னுடையதில் டிபிஎம் இருந்தது. செயலி பட்டியலில் இல்லை.

நான் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறவள். மற்றவர்களின் இன்னும் அச்சேறாத எழுத்து எப்போதும் என் வட்டில் இருக்கும். பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் அதையெல்லாம் வைத்துக்கொண்டு இணையத்தில் உலாவ எனக்கு மனம் வராது. தனிநபர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவித்திருந்தார்கள். அது யோசிக்க அவகாசம் தந்தது, அவ்வளவுதான்.

யாரிடம் கேட்டாலும் "எது நல்லது" என்றே பேச்சு போகிறது. எனக்கு அந்தக் கேள்வியில் ஆர்வமில்லை. மூன்றுமே நல்ல இயங்குதளங்கள்தான். நான் தெரிந்துகொள்ள விரும்பியது வேறு: இந்தக் கணினிக்கு எத்தனை ஆண்டு அப்டேட் வரும், அதை முடிவு செய்வது யார், அது நிற்கும் நாளில் என் கையில் என்ன வழி மிஞ்சும்? நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரம் ஒரு பட்டியலால் ஓய்வு பெறுவதைப் பார்த்த பிறகு, இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில், நான் வழக்கமாகத் திறக்கும் மென்பொருள்களை ஒரு தாளில் எழுதினேன். மின்னஞ்சல், அகராதிகள், வங்கி, வீடியோ அழைப்பு எல்லாம் உலாவிக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. அவற்றுக்கு எந்த இயங்குதளமும் ஒன்றுதான். அவற்றை அடித்துவிட்டால் மீதம் கொஞ்சமே: திருத்தங்களைத் தடம் காட்டும் வேர்டு கோப்புகள், மொழிபெயர்ப்புக்கு ஒமேகா-டி, ஒரு பழைய ஸ்கேனர், தமிழ்த் தட்டச்சு, பழைய எழுத்துருக்களில் கிடக்கும் கோப்புகள். லேப்டாப் வாங்கப் போகிற யாருக்கும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். ஒமேகா-டி மூன்று இயங்குதளங்களிலும் ஓடும். அதுவே நான் ட்ரடோஸ் ஸ்டூடியோ என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் வேலை செய்கிறவளாக இருந்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. அது விண்டோஸுக்கு மட்டும்தான்.

தமிழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் தமிழ்99 என்ற விசைப்பலகைத் தளவமைப்பில் பழகியவள். ஒரு காலத்தில் விண்டோஸில் இதற்கு இ-கலப்பையோ என்எச்எம் ரைட்டரோ தனியாக நிறுவியாக வேண்டும். 2019க்குப் பிறகு விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது. மேக்கில் அஞ்சல் என்ற தளவமைப்பும் தமிழ்99உம் வெகு காலமாகவே கூடவே வருகின்றன. லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற இரண்டு பொதிகளைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் என்று பல தளவமைப்புகள் வந்துவிடும். ஆக, தட்டச்சு மூன்றிலும் சரி. சிக்கல் எழுத்துருவில். விண்டோஸில் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம், லினக்ஸில் பெரும்பாலும் நோட்டோ அல்லது லோஹித். நிர்மலாவில் அமைத்த ஆவணத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேறொன்று அந்த இடத்தில் வந்து உட்காரும். தமிழ் எழுத்துருக்களுக்குள் அகலமும் வரி உயரமும் நிறைய வேறுபடும். வரி முறிவுகள் மாறும், பக்கங்கள் நகரும். "பக்கம் 43, கீழிருந்து ஐந்தாம் வரி" என்று குறிப்பு எழுதும் வேலையில் இது சின்ன விஷயம் இல்லை. இப்போது ஆவணம் அனுப்புகிறவர்களிடம் எழுத்துருவையும் சேர்த்துக் கேட்டு வாங்குகிறேன்.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவிலும் டிஸ்கி குறியீட்டிலும் இருந்த பழைய கோப்புகளை மாறுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றினேன். எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் செய்தாக வேண்டிய வேலை இது. அந்த எழுத்துருக்கள் இல்லாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். தேடினால் எதுவும் கிடைக்காது.

சரி, மேக். "சித்தி, இதை எடுத்துட்டுப் போய் கொஞ்ச நாள் வேலை செஞ்சு பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று அக்கா மகன் தன் மேக்புக் ஏரைக் கையில் கொடுத்துவிட்டான். அவன் சொன்னதில் மிகையில்லை. ஆப்பிள் 2020 நவம்பரில் தன் சொந்த எம்1 சில்லுக்கு மாறியதிலிருந்து இந்த லேப்டாப்புகளின் பேட்டரி தாங்கும் நேரமே வேறாகிவிட்டது. விசிறி கிடையாது, சத்தம் கிடையாது, சூடும் குறைவு. தமிழ் எழுத்துகள் திரையில் அவ்வளவு கூர்மையாக விழுகின்றன. மெய்ப்புப் பார்க்கிற கண்ணுக்கு அது பெரிய ஆறுதல். இசை, வீடியோ வேலை செய்கிறவர்கள் ஏன் அதைவிட்டு நகர மாட்டேன் என்கிறார்கள் என்று புரிந்தது.

ஆனால் என் கேள்விக்கு மேக் தந்த பதில் எனக்குப் போதவில்லை. மேக்ஓஎஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் எந்தத் தேதிவரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று ஆப்பிள் முன்கூட்டியே அட்டவணை வெளியிடுவதில்லை. வழக்கத்தில், கடைசி மூன்று பதிப்புகளுக்கு வந்துகொண்டிருக்கும். இன்டெல் சில்லுள்ள மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் டாஹோதான் கடைசிப் பதிப்பு என்று 2025இல் சொல்லிவிட்டார்கள். பழுதுபார்ப்புக்கு மட்டும் தெளிவான கணக்கு உண்டு: விற்பனைக்கு அனுப்புவதை நிறுத்தி 5 ஆண்டு கடந்தால் 'விண்டேஜ்', 7 ஆண்டு கடந்தால் வழக்கொழிந்தது. ரேமையும் சேமிப்பையும் மேக்புக் ஏரில் பிறகு கூட்ட முடியாது. வாங்கும் நாளில் எடுப்பதுதான் கடைசிவரை. ஆதரவு நின்ற பின் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்றால், அசாஹி லினக்ஸ் குழுவினர் எம்1, எம்2 கணினிகளில் பாராட்டத்தக்க வேலை செய்திருக்கிறார்கள், ஆனால் எல்லாத் தலைமுறைக்கும் அது வந்துவிடவில்லை. இன்னொரு சின்னச் செய்தி: என் வெளி வன்வட்டு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தது. மேக் அதைப் படிக்கும், எழுதாது. மூன்று இயங்குதளங்களுக்கும் நடுவே வட்டு போய்வர வேண்டுமானால் எக்ஸ்ஃபேட் வடிவம்தான் வசதி.

விண்டோஸ் 11இல் எனக்குப் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. வேர்டு, ஸ்கேனர், எல்லாம் அப்படியே ஓடும். ஆனால் இப்போது விண்டோஸ் லேப்டாப் என்றாலே ஒரே வகை இல்லை. 2024இலிருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் என்ற ஆர்ம் வகைச் சில்லுள்ளவையும் கடைக்கு வந்திருக்கின்றன. பேட்டரி நன்றாகத் தாங்கும். பழைய மென்பொருள்களைப் பெரும்பாலும் பெயர்த்து ஓட்டிவிடும். கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் பெயர்த்து ஓட்டாது. என் ஸ்கேனரைப் போல, ஆர்ம் சில்லுக்கு டிரைவர் எழுதப்படாத பழைய கருவி வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும். அப்புறம், ஹோம் பதிப்பை முதல்முறை இயக்க இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். பல லேப்டாப்புகளில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டு, அதன் மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேரும். புது விண்டோஸ் லேப்டாப் வாங்குகிறவர்கள் அன்றைக்கே அந்தச் சாவியைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் ஒரு நாள் கணினி திறக்க மறுத்தால், உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது.

லினக்ஸை நான் பழைய லேப்டாப்பிலேயே சோதித்தேன். பென்டிரைவிலிருந்து, வட்டைத் தொடாமலே, முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்கலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி! வேறு எதுவும் வாங்குவதற்கு முன் இப்படி முழுதாகத் திறந்து காட்டுவதில்லை. வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்ச விசைகள், வெளித்திரை, ஹெட்போன், தமிழ்99 என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூடியைச் சாத்தி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, விட்ட இடத்திலிருந்து எழுகிறதா என்றும் பார்த்தேன். லினக்ஸில் தொல்லை வந்தால் அதிகமும் இந்த உறக்கத்திலும் வைஃபை சில்லிலும்தான் வரும். என் பழைய கணினியில் எல்லாமே வேலை செய்தன. கீல் மட்டும் உடையாமல் இருந்திருந்தால் நான் புதிது வாங்கியிருக்கவே மாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் பட்டியலில் இடம் கிடைக்காத, ஆனால் உடம்பு நன்றாக இருக்கிற லேப்டாப் வைத்திருப்பவர்கள், தூக்கிப் போடும் முன் ஒருமுறை பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். ரேமைக் கூட்டி, வன்வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் அது இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

என் கேள்விக்கு நேரடியான பதிலும் லினக்ஸில்தான் கிடைத்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு அப்டேட். 2024 ஏப்ரலில் வந்த 24.04க்கும், அதன் மேல் கட்டிய லினக்ஸ் மின்ட் 22க்கும் 2029 வரை. தேதி முதல் நாளே தெரியும். அந்தத் தேதி வந்தாலும், முடிவது அந்தப் பதிப்பின் ஆயுள்தான். அதே கணினியில் அடுத்த பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம், அது பிடிக்கவில்லை என்றால் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகைக்குப் போகலாம். நேர்மையாகச் சொன்னால், இப்படி முடிவுத் தேதியை முன்பே சொல்கிற இன்னொருவர் கூகுள். தன் குரோம்ஓஎஸ் ஓடும் குரோம்புக் லேப்டாப்புகளுக்கு 10 ஆண்டு அப்டேட் என்று 2023இல் அறிவித்தார்கள். கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த வன்பொருள் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. உலாவி மட்டுமே போதும் என்கிறவர்களுக்கு அது நல்ல தேர்வு.

லினக்ஸில் எனக்கு இருந்த ஒரே பெரிய தயக்கம் வேர்டு கோப்புகள். லினக்ஸில் வேர்டுக்குப் பதில் பயன்படுத்தும் லிபர்ஆபிஸ் திருத்தத் தடங்களைப் பெயரோடும் நேரத்தோடும் காட்டுகிறது, ஓரக் குறிப்புகளையும் காட்டுகிறது, நான் செய்யும் திருத்தங்களும் அந்தப் பக்கம் வேர்டில் ஒழுங்காகத் தெரிகின்றன. காலிப்ரி எழுத்துருவுக்குப் பதில் அதே அகலமுள்ள கார்லிட்டோ இருப்பதால் ஆங்கில வரிகள் நகர்வதில்லை. அட்டவணைக்குள் அட்டவணை, மிதக்கும் கட்டங்கள் என்று அடுக்கிய படிவங்கள்தான் கலைகின்றன. அவற்றுக்கு உண்மையான வேர்டு வேண்டும்.

ஆகவே லினக்ஸ், விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டேன். ரேமுக்குத் தனிச் செருகிடமும், கழற்றி மாற்றக்கூடிய எஸ்எஸ்டியும் உள்ள, வழக்கமான எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) செயலி கொண்ட ஒரு லேப்டாப் வாங்கினேன். வாங்குவதற்கு முன் அதே மாடல் வைத்திருந்த தோழியிடம் கெஞ்சி, அதில் என் பென்டிரைவைச் செருகிப் பார்த்துவிட்டேன். வந்திருந்த விண்டோஸ் 11ஐ அழிக்காமல், விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் பகுதியைச் சுருக்கி, மீதியில் மின்ட் நிறுவினேன். வேலைக்கு முன் மீட்புச் சாவி கையில் இருந்தது. விண்டோஸின் வேகத் தொடக்க வசதியையும் நிறுத்தினேன். அது இயங்கும்போது விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அந்த வட்டுப் பகுதியில் லினக்ஸ் பாதுகாப்பாக எழுத முடியாது. கையொப்பமிடாத மென்பொருளிலிருந்து கணினி தொடங்காமல் தடுக்கும் செக்யூர் பூட் வசதியை அணைக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

பக்க வடிவமைப்புக்கான இன்டிசைனிலோ ட்ரடோஸிலோ பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு என் வழி பொருந்தாது. அவர்கள் விண்டோஸிலோ, இன்டிசைன் என்றால் மேக்கிலோ நிம்மதியாக இருக்கலாம். எனக்கு நாள் முழுதும் மின்ட்தான். கலையும் படிவம் வந்தால் மட்டும் விண்டோஸுக்குள் போகிறேன். பழைய ஸ்கேனரை லினக்ஸ் தானாகவே கண்டுகொண்டது. கைரேகை பதிக்கும் பொத்தான் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. அந்தச் சில்லுக்கு யாராவது டிரைவர் எழுதும்வரை கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.